ஓரத்தில் அழுத்தினால் சாயும் ஸ்பேஸ் பார்

9 ஜூன் 2025, தொண்டியிலிருந்து வந்த கேள்வி

ஸ்பேஸ் பாரை நடுவில் அழுத்தினால் இறங்குகிறது. வலது ஓரத்தில் அழுத்தினால் சாய்ந்தபடி பாதியில் நின்றுவிடுகிறது. வாங்கிப் பதினான்கு மாதம்தான் ஆகிறது. கடையில் காட்டினால், இதற்கெல்லாம் பழுது பார்ப்பதில்லை, புதிது வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். ஒரு விசையை இவ்வளவு அகலமாக வைத்தால் அது கோணத்தானே செய்யும்? வடிவமைப்பே தவறு என்பது என் கருத்து. டைப்ரைட்டரில் இப்படி நடந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

9 ஜூன், இரவு, என் பதில்

வடிவமைப்பில் தவறில்லை. கம்பி கழன்றிருக்கிறது, அல்லது துருப்பிடித்திருக்கிறது. கடலோரத்தில் இருந்துகொண்டு கேட்கிறீர்கள், துருவாகத்தான் இருக்கும்.

ஸ்பேஸ் பாரின் அடியில் நீளவாக்கில் ஒரு மெல்லிய எஃகுக் கம்பி உண்டு. ‘ப’ எழுத்தைப் பக்கவாட்டில் இழுத்து அகலமாக்கியதுபோல இருக்கும்: நீண்ட நடுப்பகுதி, இரண்டு முனையிலும் மடித்த குட்டைக் கால்கள். நடுப்பகுதி கீபோர்டின் உடலில் கொக்கிகளுக்குள் படுத்திருக்கும். அது சுழலலாம், வேறெங்கும் நகர முடியாது. கால்கள் விசையின் அடியில் இரு ஓரங்களுக்கு அருகே மாட்டியிருக்கும். வலது ஓரத்தை அழுத்துகிறீர்கள். வலது கால் இறங்குகிறது. கால் இறங்கினால் நடுப்பகுதி திரும்பியாக வேண்டும். நடுப்பகுதி திரும்பினால் இடது காலும் இறங்கியாக வேண்டும். அழுத்தத்தைப் பதிவு செய்யும் இடம் நடுவில் ஒன்றே ஒன்றுதான். ஓரத்தில் விழும் விரலின் பலத்தை மறு ஓரத்துக்குக் கொண்டுபோய், மொத்த விசையையும் மட்டமாக இறக்குவது அந்தக் கம்பியின் வேலை.

ஸ்பேஸ் பாரின் மேல்மூடியைக் கழற்றிப் பாருங்கள். ஒரு முனையைப் பிடித்து வெடுக்கென்று இழுக்காதீர்கள். கொக்கி பிளாஸ்டிக், முறிந்தால் ஒட்டாது. இரண்டு பக்கமும் ஒரே அளவில் நெம்பி மேலே தூக்குங்கள். கம்பியைத் துடைத்து ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விடுங்கள்.

10 ஜூன், காலை

டைப்ரைட்டர் பற்றி நீங்கள் சொன்னது இரவெல்லாம் மனத்தில் ஓடியது. அதைத் தனியாக எழுதியாக வேண்டும்.

1986இல் மண்டபத்திலிருந்து இராமநாதபுரத்துக்கு பஸ் ஏறிப் போய்த் தட்டச்சு படித்தேன். காலை ஆறரை மணி வகுப்பு. பதினோரு இயந்திரங்கள், அதில் இரண்டு தமிழ். ஸ்பேஸ் பாரை வலது பெருவிரலால் மட்டுமே தட்ட வேண்டும் என்பது பயிலகத்தின் முதல் சட்டம். இடது பெருவிரல் தொட்டால் மாஸ்டர் ஸ்கேலால் மேசையைத் தட்டுவார். எல்லோருடைய வலது பெருவிரலும் ஒரே இடத்தில் விழுந்ததால், அங்கிருந்த அத்தனை ஸ்பேஸ் பாரிலும் நடுவிலிருந்து வலது பக்கமாக, ஒரு புளியங்கொட்டை அளவுக்கு, வார்னிஷ் போய் மெழுகுபோலப் பளபளக்கும். நடுவில் யாரும் அழுத்தவே இல்லை. நாற்பது வருடமாக ஓரத்திலேயே அடி வாங்கியும் ஒன்றுகூடச் சாயவில்லை.

ஒரு நாள் மாஸ்டர் இயந்திரத்தை மல்லாத்திப் போட்டு அடிவயிற்றைக் காட்டினார். ஸ்பேஸ் பாரின் இரண்டு முனையிலிருந்தும் இரண்டு இரும்புக் கைகள் பின்னோக்கிப் போகின்றன. இரண்டும் இயந்திரத்தின் குறுக்கே ஓடும் ஒரே தண்டில் இறுக்கப்பட்டிருக்கின்றன. தண்டு இரண்டு பக்கமும் கூர்முனைத் திருகுகளில் சுழல்கிறது. “இந்த நுனியை அழுத்து” என்றார். அழுத்தினேன். “அந்த நுனியைப் பார்” என்றார். அதுவும் அதே அளவு இறங்கியிருந்தது. பென்சில் பருமன் தண்டு அது. மனித விரலால் அதை முறுக்கவே முடியாது.

உங்கள் கீபோர்டில் இருக்கும் கம்பி அந்தத் தண்டின் பேரப்பிள்ளை. பென்சில் பருமன் போய் ஊசிப் பருமன் ஆகிவிட்டது.

10 ஜூன், மதியம்

எண்ணெய் பற்றி நேற்று சொன்னதைத் திருத்துகிறேன். கம்பிக்கு எண்ணெய் விடாதீர்கள். டைப்ரைட்டர் பழக்கத்தில் எழுதிவிட்டேன். டைப்ரைட்டரில் வழியும் எண்ணெய் மேசைக்குப் போகும். கீபோர்டில் அது உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தாளுக்கோ சுவிட்சுக்கோ போகும். கெட்டியான கிரீஸ், அதுவும் குண்டூசித் தலை அளவு, கம்பி உரசும் இடங்களில் மட்டும். தேங்காய் எண்ணெய் எதற்கும் கூடாது. நாளாவட்டத்தில் தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். அப்படிப் பிசினான ஒரு ரெமிங்டன் டைப்ரைட்டரை மண்ணெண்ணெயில் பல் துலக்கும் பிரஷ் தோய்த்து மூன்று நாள் சுத்தம் செய்திருக்கிறேன்.

11 ஜூன்

அகலமான விசை “கோணத்தானே செய்யும்” என்றீர்களே, அதில் பாதி உண்மை இருக்கிறது. அதை ஒதுக்கிவிட்டுப் போனது சரியில்லை.

பழைய மர மேசையின் அகலமான இழுப்பறையை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கைப்பிடியையும் பிடித்து இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும். ஒரு கைப்பிடியை மட்டும் பிடித்து இழுத்தால் கோணிக்கொண்டு கடித்துக்கொள்ளும். அதன்பின் எவ்வளவு பலமாக இழுத்தாலும் அவ்வளவு பலமாகவே கடிக்கும். காரணம், பலம் விழும் இடம் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதும், இழுப்பறை எவ்வளவு ஆழத்துக்குச் சட்டத்துக்குள் இருக்கிறது என்பதும்தான். தள்ளி இழுக்க இழுக்க, ஆழம் குறையக் குறைய, உராய்வு வென்றுவிடும்.

கீபோர்டு விசையும் இப்படி ஒரு கூட்டுக்குள் நேராக மேலும் கீழும் வழுக்குவதுதான். சாதாரண எழுத்து விசையின் அகலம் 19 மில்லிமீட்டருக்கு உட்பட்டது. எந்த மூலையைத் தொட்டாலும் நடுவிலிருந்து ஒரு சென்டிமீட்டர் சுற்றுவட்டத்துக்குள்தான் இருப்பீர்கள். பரவலாக உள்ள ஸ்பேஸ் பார் ஏறத்தாழ 119 மில்லிமீட்டர். ஓரம் என்றால் நடுவிலிருந்து ஆறு சென்டிமீட்டர். ஆனால் இரண்டு விசைக்கும் கூட்டின் ஆழம் ஒன்றேதான், சில மில்லிமீட்டர்.

டைப்ரைட்டரில் எந்த விசையும் கூட்டுக்குள் வழுக்குவதில்லை. ஒவ்வொன்றும் ஒரு நீண்ட நெம்புகோலின் நுனி. நெம்புகோல் பின்னால் ஓர் அச்சில் ஆடுகிறது, ஏற்றக்கோல்போல. ஆடுகிற பொருள் கடிக்காது. வழுக்குகிற பொருள்தான் கடிக்கும். நீங்கள் கேள்விப்படாததன் காரணம் இதுதான். உங்கள் கேள்வியின் விடை அகலத்தில் இல்லை, அசைவில் இருக்கிறது. இதை எழுதும்வரை எனக்கே இவ்வளவு தெளிவாகப் படவில்லை.

11 ஜூன், இரவு

தொண்டிக்காரர் கழற்றிப் பார்த்துவிட்டார். கம்பி பழுப்பாகிவிட்டதாம். இடது கால் கொக்கியிலிருந்து வெளியே வந்துவிட்டதாம். வலது காலின் மடிப்பில் துரு உப்பிக்கொண்டு நிற்கிறதாம்.

மடிப்பில்தான் முதலில் பிடிக்கும். இங்கே எந்தக் கம்பியை எடுத்துப் பார்த்தாலும் அப்படித்தான். நேரான இடத்தில் மேல்பூச்சு முழுதாக இருக்கிறது. மடித்த இடத்தில் பூச்சு விரிசல் விட்டிருக்கிறது. ஆடியில் கச்சான் காற்று வீசும்போது என் கடை ஜன்னல் கண்ணாடியில் மறுநாளே வெள்ளையாக உப்புப் படிகிறது. கண்ணாடியைத் துடைக்கலாம். விசைக்கு அடியில் இருக்கும் மடிப்பை யார் துடைப்பது?

12 ஜூன்

கம்பியை உப்புத்தாளில் தேய்த்துவிட்டு ஒரு சோதனை செய்யுங்கள். கைப்பேசியின் கண்ணாடி மேல் கம்பியைப் படுக்க வையுங்கள். நடுப்பகுதியும் இரண்டு கால்களும் கண்ணாடியை முழுதாகத் தொட வேண்டும். ஒரு காலின் நுனியை விரலால் தட்டுங்கள். மறு கால் எழும்பி ‘டிக்’ என்று திரும்ப விழுந்தால் கம்பி முறுக்கிக்கொண்டிருக்கிறது. ஒரு கால் ஒரு மயிரிழை உயரத்தில் நிற்கிறது என்று பொருள். மாட்டியபின் விசை எப்போதுமே ஒரு பக்கம் தாழ்ந்து நிற்கும், தட்டும்போதெல்லாம் கலகலக்கும். எழும்பும் காலை இடுக்கியில் பிடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சமே கொஞ்சம் எதிர்ப்பக்கம் திருப்புங்கள். மறுபடி கண்ணாடியில் வையுங்கள். எனக்கு ஒரு கம்பிக்கு ஏழெட்டு தடவை ஆகிறது. சத்தம் நிற்கும் அந்த ஒரு தடவை இருக்கிறதே, அதற்காக எத்தனை தடவையும் செய்யலாம்.

12 ஜூன், மாலை

முதல் குறிப்பில் நடுப்பகுதி உடலில், கால்கள் விசையில் என்று எழுதினேன். தலைகீழாகவும் இருக்கும். இன்று கடைக்கு வந்த ஒரு கீபோர்டில் நடுப்பகுதி விசையின் அடியில் கவ்வியிருந்தது, கால்கள் உடலில் இருந்த துளைகளுக்குள் போயிருந்தன. வேலை ஒன்றுதான். கழற்றும் விதம்தான் மாறும்: இந்த வகையில் விசையோடு கம்பியும் சேர்ந்து வரும், அதனால் முதலில் கால்களைத் துளையிலிருந்து நழுவவிட வேண்டும்.

14 ஜூன்

திருப்புல்லாணியிலிருந்து ஒருவர் மடிக்கணினி பற்றிக் கேட்கிறார். அதில் ஒவ்வொரு விசைக்கு அடியிலும் இரண்டு பிளாஸ்டிக் சட்டங்கள் கத்தரிக்கோல்போலக் குறுக்கே பின்னியிருக்கும். அந்தப் பின்னல்தான் விசையை மட்டமாக வைக்கிறது. அகலமான விசைகளில் அதோடு மெல்லிய கம்பியும் சேர்த்து மாட்டியிருப்பார்கள். வீட்டில் கழற்றாதீர்கள். அந்தச் சட்டத்தின் முளை கடுகு அளவு. தெறித்துவிட்டால் தேடிக் கிடைக்காது.

15 ஜூன், ஞாயிறு

இன்று கடை விடுமுறை. தையல் டேப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஷிஃப்ட் ஏன் இவ்வளவு அகலம், டேப் விசை ஏன் அதைவிடக் குறைவு, கேப்ஸ் லாக் ஏன் இரண்டுக்கும் நடுவில் என்று இத்தனை வருடம் கேட்டுக்கொண்டதே இல்லை.

ஓர் எழுத்து விசைக்கான இடத்தை ஓர் அலகு என்று வைத்துக்கொள்ளுங்கள். அது முக்கால் அங்குலம், அதாவது 19.05 மில்லிமீட்டர். நம் ஊரில் விற்கும் அமெரிக்க முறைக் கீபோர்டில் டேப் 1.5, கேப்ஸ் லாக் 1.75, இடது ஷிஃப்ட் 2.25. வித்தியாசத்தைப் பாருங்கள்: கால், பிறகு அரை. எழுத்து வரிசைகள் ஒன்றுக்கொன்று விலகி நிற்கும் அளவும் சரியாகக் கால், பிறகு அரை. எழுத்து வரிசைகள் ஏன் விலகி நிற்கின்றன? டைப்ரைட்டரில் ஒவ்வொரு விசையின் நெம்புகோலும் மேல் வரிசை விசைகளின் இடைவெளி வழியாகப் பின்னால் போயாக வேண்டும். நேருக்கு நேராக அடுக்கினால் நெம்புகோல்கள் மோதிக்கொள்ளும். நெம்புகோல் போய்விட்டது, விலகல் மட்டும் நின்றுவிட்டது. விலகலால் இடது ஓரம் படிக்கட்டுபோல ஆகிவிட, அந்தப் படிகளை நிரப்பி ஓரத்தை நேராக்க வந்தவைதான் இந்த அகல விசைகள்.

வலது பக்கமும் கூட்டிப் பார்த்தேன். டேப் வரிசை: 1.5, பன்னிரண்டு விசைகள், கடைசியில் 1.5, மொத்தம் 15. கேப்ஸ் லாக் வரிசை: 1.75, பதினொன்று, என்டர் 2.25, 15. ஷிஃப்ட் வரிசை: 2.25, பத்து, வலது ஷிஃப்ட் 2.75, 15. எண் வரிசை: பதின்மூன்று, பேக்ஸ்பேஸ் 2, 15. அடிவரிசையில் 1.25 அளவில் ஏழு விசைகள் 8.75, ஸ்பேஸ் பார் 6.25, அதுவும் 15. ஐந்து வரிசையும் ஒரே தொகை! தையல் டேப்பை வைத்து அளந்தேன்: 28.5 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. பதினைந்து பெருக்கல் 19.05 என்பது 285.75 மில்லிமீட்டர். கோலப்புள்ளி சரியாக முடிந்ததுபோல இருந்தது.

16 ஜூன்

அகலமான விசை எல்லாவற்றிலும் கம்பி இருக்கும் என்று நேற்று ஒருவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். தவறு. பொதுவாக இரண்டு அலகும் அதற்கு மேலும் இருந்தால்தான் கம்பி. கேப்ஸ் லாக் 1.75தான், அதற்குக் கம்பி கிடையாது.

இரண்டுக்கு மேல் போனாலும் கம்பிதான் ஒரே வழி என்றில்லை. 1985இல் வந்த ஐபிஎம் மாடல் எம் கீபோர்டில் ஸ்பேஸ் பாருக்குத்தான் எஃகுக் கம்பி. ஷிஃப்ட் போன்றவற்றுக்கு, சுவிட்ச் இல்லாத வெற்றுக் குழாய் ஒன்றைப் பக்கத்தில் விட்டு, அதற்குள் ஒரு பிளாஸ்டிக் முளை இறங்கும்படி செய்திருக்கிறார்கள். ஒரு காலில் நிற்பவனுக்கு இன்னொரு கால் கொடுத்ததுபோல. துருப்பிடிக்க அதில் ஒன்றுமில்லை. நம் கரைக்கு அதுவே தோது என்று முதலில் தோன்றியது. ஸ்பேஸ் பார் நீளத்துக்கு மட்டும் அந்த வழியை அவர்களே எடுக்கவில்லை. ஆறு சென்டிமீட்டர் தள்ளி அழுத்தினால் வெறும் முளையும் கூட்டுக்குள் கடிக்கத்தானே செய்யும்? நீளம் கூடினால் சுழலும் கம்பிதான் வேண்டும்.

17 ஜூன்

ஷிஃப்ட் என்று எழுதியதும் சுண்டுவிரல் வலிப்பதுபோல ஒரு நினைவு.

டைப்ரைட்டரில் ஷிஃப்டை அழுத்துவது என்றால் ஓர் எடையைத் தூக்குவது. சில இயந்திரங்களில் காகிதம் மாட்டிய கேரியேஜ் முழுவதும் மேலே எழும். சிலவற்றில் அச்சுகள் அடுக்கிய கூடை கீழே இறங்கும். அந்த எடையைத் தூக்குவது கையிலேயே பலம் குறைந்த விரல். இடது ஷிஃப்ட், வலது ஷிஃப்ட் இரண்டும் ஒரே குறுக்குத் தண்டில் இருக்கும். இடதை அழுத்தினால் வலதும் தானாக அமுங்கும், கண் தெரியாத யாரோ கூடவே அழுத்துவதுபோல. பழகாத பிள்ளைகள் முதல் வாரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஸ்பேஸ் பாருக்குச் செய்த அதே யோசனையைத்தான் விசைப்பலகையின் இரு கோடிக்கும் இழுத்திருக்கிறார்கள். கணினியில் இரண்டும் தனித்தனி விசைகள். ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு குட்டிக் கம்பி.

தமிழ் இயந்திரத்தில் ஷிஃப்ட் பாடு இன்னும் அதிகம். ஆங்கிலத்தில் வாக்கியத் தொடக்கத்துக்கும் பெயருக்கும் தொட்டால் போதும். தமிழில் ஒரே விசையின் மேலும் கீழும் வெவ்வேறு எழுத்துகள்; ஒரு சொல்லின் நடுவிலேயே இரண்டு தடவை தூக்கி இறக்க நேரும். 247 எழுத்தை நாற்பத்துச் சொச்சம் விசைகளுக்குள் அடக்கிய வேலை அது. யாழ்ப்பாணத்தில் 1886இல் பிறந்து சிங்கப்பூரில் வேலை பார்த்த ஆர். முத்தையா அதைச் செய்து, ஜெர்மனியில் இயந்திரமாக வார்க்க வைத்தார். அவர் கொண்டுவந்த நகரா விசைகளை நினைத்தால் இன்றும் கைகூப்பத் தோன்றுகிறது. புள்ளியையோ கொம்பையோ அடித்தால் கேரியேஜ் நகராது. அடுத்து ‘க’ போன்ற எழுத்தை அடிக்கும்போது அது புள்ளிக்குக் கீழே வந்து உட்காரும், அப்போதுதான் நகரும். முதலில் புள்ளி, பிறகு எழுத்து. என் விரல்கள் இன்னும் அந்த வரிசையில்தான் யோசிக்கின்றன.

17 ஜூன், இரவு

மேலே சொன்னதில் ஒரு சந்தேகம் எழுந்து, சரிபார்த்துவிட்டு எழுதுகிறேன். கொம்பு என்று நான் சொன்னது ‘கி’, ‘கீ’ ஆகியவற்றின் மேல்கொக்கியை. ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு அல்ல; அவை தனி இடம் எடுத்துக்கொள்பவை, நகருபவை. பயிலகத்தில் எல்லாவற்றையும் கொம்பு என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

19 ஜூன்

ஸ்பேஸ் பாரால் இடம் விடுவது தவிர இன்னொரு வேலையும் செய்யலாம். எங்கள் பயிலகத்துப் பழைய இயந்திரம் ஒன்றில் ஸ்பேஸ் பாரை அழுத்தினால் கேரியேஜ் பாதி இடம் நகரும். விட்டால் மீதி பாதி. ஒரு சொல்லில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தால், சொல்லை அழித்துவிட்டு, ஓர் எழுத்துக்கு ஒரு தடவை ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்து, எழுத்தை அடித்து, பிறகு விட்டு, எல்லா எழுத்தையும் அரை இடம் தள்ளி அடித்து, விட்டுப்போனதையும் உள்ளே நுழைத்துவிடலாம். ஸ்டாம்ப் தாளில் தவறு செய்துவிட்டு அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு மாஸ்டர் அப்படிச் செய்து கொடுத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். வலது பெருவிரல் அமுங்கும், ஒரு விரல் இறங்கும், பெருவிரல் எழும்; எழுத்துக்கு எழுத்து அப்படியே.

 

22 ஜூன்

விஷயத்தை விட்டு விலகுகிறேன் என்று நினைக்க வேண்டாம். விலகவில்லை.

நேற்று பாம்பன் சாலைப் பாலத்தில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் புதிய ரயில் பாலத்தின் தூக்குப் பகுதி எழும்பியது. 2025 ஏப்ரல் 6ஆம் தேதி திறந்தார்களே, அதுதான். 72.5 மீட்டர் நீளமான பாலத்துண்டு, இரண்டு கோபுரங்களுக்கு நடுவில், படுத்தபடியே 17 மீட்டர் உயரம் போகிறது. பஸ்ஸில் எல்லோரும் கைப்பேசியைத் தூக்கினார்கள். நான் இரண்டு முனைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு முனை முந்திக்கொண்டே போனால் மொத்தமும் வழித்தடத்தில் கோணிக்கொண்டு கடித்துவிடும். மேசை இழுப்பறையின் அதே தொல்லை, ஸ்பேஸ் பாரின் அதே தொல்லை, அறுநூறு மடங்கு நீளத்தில். இரண்டு முனையும் ஒரே மட்டத்தில் ஏறின. கண்ணில் நீர் வந்துவிட்டது.

1914இல் திறந்த பழைய பாலம் இந்தத் தொல்லையையே வைத்துக்கொள்ளவில்லை. நடுவில் பிளந்து இரண்டு இறக்கைகள்; ஒவ்வொன்றும் தன் பக்கத்து முனையை ஊன்றிக்கொண்டு மேலே எழும். ஒன்று முந்தினாலும் மற்றது கோணாது, ஏனென்றால் திறந்தபின் இரண்டும் தனித்தனி. ஸ்பேஸ் பாரை இரண்டாகப் பிளந்து இரு பெருவிரலுக்கும் ஒவ்வொன்று கொடுக்கும் கீபோர்டுகளும் இருக்கின்றன. அவை அந்தப் பழைய பாலத்தின் வழி. என் பயிலகச் சட்டப்படி இடது பெருவிரலுக்கு வேலை கிடையாது, அதனால் எனக்கு அவை ஆகாது.

25 ஜூன்

தொண்டிக்காரரின் கம்பி தேய்த்தபின் மெலிந்துவிட்டதாம். மட்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் ஓரத்தில் அழுத்தினால் மறு ஓரம் தாமதமாக, சோம்பலாக இறங்குகிறதாம்.

அப்படித்தான் ஆகும். கம்பி முறுக்கத்தை எதிர்க்கும் பலம் அதன் விட்டத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. 1.2 மில்லிமீட்டர் கம்பியையும் 1.6 மில்லிமீட்டர் கம்பியையும் கையில் பிடித்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. முறுக்கினால் இரண்டாவது மூன்று மடங்குக்கு மேல் எதிர்த்து நிற்கும். எதிர்ப்பக்கமாகவும் அதே கணக்கு: துருவைத் தேய்த்து ஒரு மயிரிழை இழந்தால் நான்கு தடவை இழந்ததாகும். நீளம் இரண்டு மடங்கானால் முறுக்கமும் இரண்டு மடங்கு. ஸ்பேஸ் பார் கம்பிதான் இருப்பதிலேயே நீளமானது, அதுதான் முதலில் சோம்பலாகும். உங்கள் என்டரின் கம்பியும் அதே அளவு துருப்பிடித்திருக்கலாம், குட்டையாக இருப்பதால் காட்டிக்கொள்ளவில்லை.

26 ஜூன்

புதுக் கம்பி எங்கே கிடைக்கும் என்கிறார். தனியாக விற்கிறார்கள், ஆனால் வரவழைக்க வேண்டும். நான் வேறு வழி பார்த்தேன்.

எங்கள் தெருமுனையில் விசைப்படகுகளுக்கு வெல்டிங் செய்யும் பட்டறை இருக்கிறது. கீழக்கரையிலிருந்து வரும் காக்கா (அண்ணன்) ஒருவர் வைத்திருக்கிறார். துருப்பிடிக்காத எஃகை ஒட்டவைக்க உருக்கும் கம்பி 1.6 மில்லிமீட்டரில் அவரிடம் கட்டுக் கட்டாக உண்டு. போன வருடம் என் கீபோர்டின் பழைய கம்பியை மாதிரிக்குக் கொண்டுபோனேன். காலிப்பரில் அளந்தார், ஒத்துவந்தது. வைஸில் கடித்துக்கொண்டு ஒரு முனையை மடித்தார். “இரண்டாவது மடிப்புதாம்மா விஷயம்” என்றார். “முதல் மடிப்பு எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். இரண்டாவது, முதலாவது படுத்திருக்கிற தளத்திலேயே படுக்க வேண்டும்.” ஒரு கண்ணாடித் துண்டின் மேல் முதல் காலைப் படுக்க வைத்துக் குனிந்து பார்த்தே இரண்டாவதை மடித்தார். அந்தக் கண்ணாடிச் சோதனை எனக்கு அவரிடமிருந்து வந்ததுதான். முன்பே சொல்லியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். காசு வாங்கவில்லை. அவர் படகு மானியத்துக்கான மனுவை நான் அடித்துக் கொடுத்தேன்.

28 ஜூன்

ஓர் எச்சரிக்கை. வெல்டிங் கம்பி மிருதுவானது. முறுக்கத்தை எதிர்ப்பதில் ஏறத்தாழ வன்எஃகுக்கு (ஸ்பிரிங் செய்யும் எஃகு) சமம்தான், அதில் குறையில்லை. ஆனால் ஒரு தடவை வளைந்துவிட்டால் வளைந்ததுதான். வன்எஃகுபோலப் பழைய வடிவத்துக்குத் திரும்பாது. கழற்றும்போது கவனமின்றி நெம்பினால் தீர்ந்தது. என் கம்பி பதின்மூன்று மாதமாக இருக்கிறது. இரண்டு தடவை கண்ணாடியில் வைத்துத் திருத்தியிருக்கிறேன். துரு ஒரு பொட்டுகூட இல்லை.

3 ஜூலை

தொண்டியில் ஒரு பட்டறையிலேயே மடித்துவிட்டாராம். அவர் கம்பி என்னுடையதைவிட மெல்லியது, 1.6 கொக்கிக்குள் நுழையவில்லை. 1.2இல் தேடி வாங்கியிருக்கிறார். ஐந்தாவது முயற்சியில் கண்ணாடி மேல் சத்தம் நின்றதாம். மாட்டி, வலது ஓரத்தில் அழுத்தினால் இடது ஓரம் கூடவே இறங்குகிறது. ஆனால் விசை திரும்ப மேலே வரும்போது கொஞ்சம் தயங்குகிறதாம்.

கிரீஸ் கூடிவிட்டது. மூடியைக் கழற்றி, பழைய வேட்டித் துணியால் கால்களின் நுனியை மட்டும் துடைத்துவிட்டு மாட்டுங்கள். நடுப்பகுதியில் இருப்பது இருக்கட்டும்.

3 ஜூலை, இரவு

துடைத்துவிட்டார். மேலே வருகிறது. இப்போது எண் பகுதியின் என்டரைக் கழற்றிக்கொண்டிருக்கிறாராம். அது நிமிர்ந்து நிற்கும் இரண்டு அலகு விசை. அதன் கம்பி செங்குத்தாக இருக்கும், மேலிருக்கும் காலை முதலில் எடுங்கள்.